ரூபாய்க்குப் பத்து பைசா

வீட்டு வரி ரசீதைக் கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்? தொகையைப் பார்த்து ஒரு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். அப்புறம் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை நாலாக மடித்து பீரோவில் எல்.ஐ.சி. பேப்பருக்கு அடியில் சொருகுவோம். அவ்வளவுதான். அடுத்த முறை நெஞ்சைப் பிடிப்பதற்கு முன்னால் விவரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ‘நூலக வரி’ என்று ஒன்று சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. இரண்டாயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் இருநூறு ரூபாய் புத்தகத்துக்கு!

“நான் வாடகை வீட்டுக்காரன் ஸார், எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கும் பேச்சிலர் நண்பர்களே, ஒரு நிமிஷம். பி.காம். படிக்கும்போது எனக்கு உருப்படியாக மண்டையில் ஏறிய பாடங்களில் ஒன்று, வரியைக் கட்டுகிறவர் வேறு, சுமக்கிறவர் வேறு என்பது. வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகை என்ற பெயரில் நீங்கள் சுமக்கிறீர்கள். ஆகவே உங்கள் ஊர் நூலகத்தில் நீங்களும் ஒரு பங்குதாரர். டிவிடெண்டு வாங்காத பங்குதாரர். கணக்குப் புத்தகத்தில் இந்த மாதிரிப் பணத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்கள். எதற்குப் போனது என்று யாரும் கேட்காத கணக்கு!

நான் இருப்பது புதுக்கோட்டையில். சின்ன ஊர்தான். ஆனால் ராஜாவும் திவானும் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் என்பதால் வீதியெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று பெயரிலேயே நம்பர். புதிதாக வருகிறவர்கள்கூடத் தொலைந்துபோக முடியாது. தனிக் காசே அடித்த சமஸ்தானம் இது. அம்மன் காசு என்று பெயர். சுண்டுவிரல் நகம் அளவுச் செப்புக் காசு, ஒரு ரூபாய்க்கு 320. (பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய் தரும் இன்றைய கடைக்காரர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் ராஜாவே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்!) 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் தனி மாவட்டம். 2024-ல் மாநகராட்சி.

மாநகராட்சி ஆனதில் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கிராமத்துக்குக் கிடைக்கும் நூறு நாள் வேலை போய்விடுமே, வரி ஏறிவிடுமே என்று அந்த ஊர்க்காரர்கள் அப்போது போராடிப் பார்த்தார்கள். பயத்தில் நியாயம் இருந்தது. இரவு படுக்கும்போது கிராமம், காலையில் எழுந்தால் மாநகரம்! சாணி தெளித்த வாசலில் நின்றுகொண்டு, ‘நான் சிட்டியில் இருக்கேன்’ என்று துபாயில் இருக்கும் மகனுக்குப் போன் பண்ணிய ஒரு அப்பத்தாவை எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியும் ஊரின் ஓரம்தான். அங்கே ஒரு பகுதிநேர நூலகம் உண்டு. ஒரே அறை. நாலு மர பீரோ, ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி. அதில் ஒன்று உட்கார்ந்தால் பேசும்.

இந்த இடத்தில் நம் ஹீரோவை அறிமுகப்படுத்தி விடுகிறேன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி. இருபத்தெட்டு வயசு. எங்கள் தெருவில் மாடி போர்ஷன். வந்த மூன்றாவது வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி ஸார் இந்த ஊர்ல காலம் தள்றீங்க? ஒண்ணுமே இல்லையே!”

ஒண்ணுமே என்றால் அவர் அகராதியில் மால். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், ஏ.சி.யில் மூன்று மணி நேரம் நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். அதற்குப் பெயர் ரிலாக்ஸேஷன்.

எனக்கு ஊர்ப்பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ஏன் ஸார் இல்லை? திருக்கோகர்ணத்துல மியூசியம் இருக்கு. 1910-லேர்ந்து. பக்கத்துலயே ஞானாலயான்னு ஒரு லைப்ரரி. கிருஷ்ணமூர்த்தி - டோரதின்னு ஒரு ஆசிரியர் தம்பதி, சொந்தச் சம்பளத்துல ஒரு லட்சத்துக்கு மேல புத்தகம் சேர்த்து வச்ச இடம். உழவர் சந்தை இருக்கு. 2016-லேர்ந்து புத்தகத் திருவிழா நடந்துக்கிட்டிருக்கு. ஜனவரியில தச்சங்குறிச்சியில ஜல்லிக்கட்டு...” என்று மூச்சு விடாமல் அடுக்கினேன்.

மனுஷன் நல்லவர். மறுவாரமே லீவு போட்டுவிட்டு மியூசியத்துக்குப் போனார். பூட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் எங்கள் பகுதிநேர நூலகத்துக்கு வந்தார். அதுவும் பூட்டியிருந்தது. அவர் லீவு போட்ட நாள் வெள்ளிக்கிழமை. இரண்டுக்கும் அன்றுதான் வார விடுமுறை.

“நான் சொல்லலை?” என்றார் வெற்றிப் புன்னகையுடன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நூலக இயக்கத்தின் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ்.ஆர்.ரங்கநாதனுக்கே முதலில் போர் அடித்திருக்கிறது! சீர்காழிக்காரர், 1892-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போட்டார்கள். சில வாரங்கள்தான். ஆள் நடமாட்டமில்லாத அந்த அமைதி தாங்காமல், “என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிடுங்க” என்கிற ரீதியில் போய் நின்றுவிட்டார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று படித்துவிட்டு வாரும், அப்புறம் பேசலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். போனவர் வேறு ஆளாகத் திரும்பினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்பதை முதல் விதியாக வைத்து 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளை இன்றைக்கும் உலகம் பூராவும் நூலகப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே 1931-ல் மன்னார்குடி பக்கத்தில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை, ஒரு மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகன் வரவில்லையா? புத்தகம் போகட்டும்! ஆன்லைனில் பரோட்டா வரவழைக்கும் நமக்கு அந்த வண்டியின் அருமை சுலபமாகப் புரியும்.

ரங்கநாதன் போன்றவர்கள் நச்சரித்து நச்சரித்துத்தான் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் போட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். எங்கள் ஊரில் ராஜா ஆட்சி முடிந்த அதே வருஷம் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அந்தச் சட்டம் செய்த கெட்டிக்காரத்தனம், நூலகத்தை யாருடைய தர்மத்துக்கும் விடாமல் வீட்டு வரியோடு முடிச்சுப் போட்டது. யார் தயவும் வேண்டாம்; ஊர்க்காரன் கட்டுகிறான், ஊர்க்காரன் படிக்கிறான். கட்டுவது ஒழுங்காக நடக்கிறது. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத்துக்கு அனுப்பாமல் பாக்கி வைப்பதும் அங்கங்கே நடக்கிறது. படிப்பதுதான்...

இங்கேதான் எங்கள் ஆறு நாற்காலி நூலகத்துக்கு வருகிறேன்.

அது திறந்திருக்கும் நேரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் யார் வருவார்கள்? காலேஜ் பசங்கள் காலேஜில். ஆபீஸ்காரர்கள் ஆபீஸில் (அல்லது டீக்கடையில்). வருகிறவர்கள் ரிட்டயரான நாலு பெரியவர்கள். அவர்களும் தினசரியை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொண்டு, அரசியல் தாள் யாருக்கு என்று மௌன யுத்தம் நடத்துவார்கள்.

நூலகர் மேடத்துக்குச் சொற்பச் சம்பளம். அதிலும் வாரம் தவறாமல் பீரோவைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருப்பார். வாசலில் ஒரு வருகைப் பதிவேடு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், “ஸார், மறக்காம ஒரு கையெழுத்து” என்பார். தண்ணீர் குடிக்க வந்த கொரியர் பையனிடமே கையெழுத்து வாங்கியவர்.

“என்ன மேடம், அட்டெண்டன்ஸ் இவ்வளவு ஸ்ட்ரிக்ட்டா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வர்றவங்க எண்ணிக்கை, மெம்பர் எண்ணிக்கை, புரவலர் எண்ணிக்கை எல்லாம் இருந்தாத்தான் ஸார் பகுதிநேரத்தை முழுநேரமாக்கறது பத்திப் பேசவே முடியும். பதினேழு பேர், பதினெட்டு பேர்னு எழுதி அனுப்பினா யார் பார்ப்பாங்க?”

அந்தப் பதினெட்டில் ஒரு பெண் உண்டு. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்பா கிடையாது. அம்மா ஜவுளிக்கடை. இவளும் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். ஒரே அறை வீடு, தம்பி, டி.வி., பாட்டி இருமல் எல்லாம் அந்த ஒரு அறைக்குள். அவளுக்கு அமைதியாக உட்கார்ந்து படிக்க இந்த ஊரில் இருக்கும் ஒரே இடம் அந்த மேஜையின் ஜன்னல் பக்கத்து மூலை. பஸ் ஏறி மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாமே என்று கேட்டேன். போகவர ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது என்றாள். அவள் கையில் மொத்தமே மூன்று மணி நேரம்தான்.

அவளோடு படித்த நாலைந்து பேருக்கு அந்த மூலையும் கிடையாது. பகல் பூரா வேலை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, மொபைல் வெளிச்சத்தில் சின்னம் சின்ன எழுத்தில் பி.டி.எஃப். படிக்கிறார்கள்.

இதையெல்லாம் நம் வங்கி ஹீரோவிடம் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ லோன் அப்ளிகேஷனைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, “மூணு மணி நேரத்தைக் கூட்டினாத்தானே ஸார் செலவு? நகர்த்தினா?” என்றார்.

சொன்னேன் அல்லவா, மனுஷன் நல்லவர்! காலை ஒன்பது - பன்னிரண்டை அப்படியே தூக்கி, சாயங்காலம் ஐந்தரை - எட்டரையில் வைத்தால் என்ன? ஒரு பைசா அதிகச் செலவில்லை. ட்யூப்லைட் மட்டும்தான். அந்த ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்குத்தான் இடிக்கும் என்று தோன்றியது. அவளிடமே கேட்டோம். “கடையில காலை ஷிஃப்ட் கேட்டா குடுப்பாங்க ஸார். என்னைவிட அவங்களுக்குத்தான் வேணும்” என்று மற்றவர்களைக் காட்டினாள். மேடத்திடம் கேட்டோம். “எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா உத்தரவு மேலேர்ந்து வரணும். அப்புறம் ஸார், அந்தத் தெருவிளக்கு...” என்று இழுத்தார். நூலக வாசலில் இருக்கும் கம்பத்தில் பல்பு எரிந்து பல மாசம். எட்டரை மணிக்குப் பூட்டிவிட்டு இருட்டில் பெண்பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? நியாயமான கேள்வி. ஆக, மனு இரண்டு.

மனுவை எழுதியது வங்கிக்காரர். நான் எழுதியிருந்தால் நடுவில் ஒரு ஜோக் வந்திருக்கும். அவர் எழுதியது ஒன்றேகால் பக்கம், ஆறு பத்தி, ‘பார்வை’, ‘பொருள்’ எல்லாம் போட்டு, படிக்கும்போதே கொட்டாவி வரும் அளவுக்குக் கச்சிதம். அரசாங்க மனு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கையெழுத்து வாங்க ரெண்டு பேருமாகத் தெருத்தெருவாகப் போனோம். நம் வயசுக்காரர்கள் சொன்ன பதில்களைக் கேட்க வேண்டுமே! “போட்டா என்ன ஆகப் போகுது ப்ரோ?” என்றார் ஒருவர். “ஆதார் நம்பர் எழுதணுமா?” இன்னொருவர். “லைப்ரரியா? இங்கயா? எங்க?” என்று கேட்டவர் நூலகத்துக்கு நேர் எதிர் வீடு.

எங்கள் பெரியம்மா வீட்டுக்கும் போனோம். அறுபது தாண்டியவர். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். வங்கிக்காரர் தொழில் புத்தியில், பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார். பெரியம்மா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“அதை மூடி உள்ள வைங்க தம்பி. பேனா குடுங்க.”

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டை விட்டு இறங்காமல் முழுப் பெயரையும் எழுதினார். புள்ளியைக் கடைசியில் மொத்தமாக வைத்தார்.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு கதை உண்டு. வங்கிக்காரருக்கு அங்கேயே திண்ணையில் வைத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்த பெண்கள், ராத்திரியில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பாதிப்பேர் காலேஜ் படிக்கும் வயசு. எழுத்தோடு சேர்த்து அந்த இயக்கம் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. சைக்கிள்!

இன்றைக்கு ஸ்கூட்டியில் பறக்கும் பெண்களைப் பார்க்கும் உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு ஒரு கிராமத்துப் பெண் சைக்கிளில் ஏறினால் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். கேலி, விசில், “மாட்டு வண்டி ஓட்டப் போறியா, அடுத்தது பிளேனா?” என்று வசனம் வேறு. அதையெல்லாம் காதில் வாங்காமல் அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இங்கே வந்து பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. கவலைப்படாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தார்கள்: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருவன். தொண்ணூறுகளின் நடுவில் பெரியம்மா என்னை ஸ்கூலில் கொண்டுவிட்டு, அப்படியே பின்னால் கேரியரில் காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போவார். அதுவரை பஸ்ஸுக்குக் காத்திருந்து, பெரியப்பாவுக்குக் காத்திருந்து, பாதி நாள் அதிலேயே போகுமாம். சைக்கிள் வந்த பிறகு யாருக்கும் காத்திருக்கவில்லை. பேங்க் பாரத்தில் கட்டைவிரல் வைப்பதையும் அதோடு நிறுத்திவிட்டார்.

“கவர்ன்மென்ட் ஸ்கீம்தானே ஸார்?” என்றார் வங்கிக்காரர். பணம் சாங்ஷன் பண்ணுகிறவருக்குக் கண்ணுக்குத் தெரிவது ஸ்கீம் மட்டும்தான்.

பெரியம்மாவே பதில் சொன்னார். “ஸ்கீமுன்னா தம்பி, மொத நாளு நாங்க ஏழு பேருதான் போனோம். அரிக்கேன் வெளக்கும் வாத்தியாரு புள்ளையும் மட்டும் இருந்துச்சு. பத்து நாளைக்கு ஏழு பேரே போயிருந்தா அந்தப் புள்ள வெளக்கத் தூக்கிட்டு வேற ஊருக்குப் போயிருக்கும்.”

நாற்பத்தொரு கையெழுத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போனோம். வாராவாரம் திங்கள் மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு தனி அழகு உண்டு. கலெக்டர் ஆபீஸ் நடப்பது ராஜாவின் அரண்மனையில்! தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் தெருக்கோடியில் நின்று பார்த்திருக்கக்கூடிய கட்டடத்துக்குள், கிழிந்த செருப்போடு யார் வேண்டுமானாலும் நேரே போகலாம். முதல் தடவை போகும்போது கொஞ்சம் மார்பு விரியத்தான் செய்யும். வங்கிக்காரர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

வாசலிலேயே அந்த மூடு இறங்கிவிட்டது. போலீஸ்காரர் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தார். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாளின் தண்ணீர் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீயில் கருகியது ஞாபகமிருக்கும். பல தடவை மனுக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம் அது.

உள்ளே மூன்று வரிசை. முதியோர் பென்ஷன், பட்டா, வாரிசுச் சான்றிதழ், மகனுக்குச் சக்கர நாற்காலி. மடியில் மனுவைச் சுருட்டி வைத்திருந்த ஒரு பெரியவர் அதை வெளியே எடுப்பதும், மடிப்பை நீவுவதும், உள்ளே வைப்பதுமாக இருந்தார். இன் பண்ணிய சட்டையோடு மனுக் கொடுக்க வந்த ஆட்களை எண்ணினேன். எங்களைச் சேர்த்து ஐந்து பேர். மீதி சட்டைகள் எல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம்.

நம்மவர்களுக்கு மனு என்றால் கௌரவக் குறைச்சல். ஆபீஸில் இருந்தபடியே போனில் நாலு வரி திட்டி எழுதி ஊரைத் திருத்திவிடலாம் என்று நினைக்கிறோம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை மாதிரியே நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். வார்டுக்காரர்கள் உட்கார்ந்து, குழாய், சாக்கடை, விளக்கு பற்றிக் கவுன்சிலரிடம் நேரே கேட்கலாம். அப்படி ஒன்று இருப்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் முறை வந்தது. மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். மனுவை வாங்கினார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், நம்பர் போட்ட சீட்டைக் கொடுத்தார்கள். “அடுத்து.”

“இவ்வளவுதானா?” என்றார் வங்கிக்காரர் வெளியே வந்ததும். ஏதோ முரசு கொட்டி விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. ராஜா போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது ஸார் என்று ஞாபகப்படுத்தினேன்.

தெருவிளக்கு ஒன்பதாம் நாள் எரிந்தது. ஏணி வண்டியோடு வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “அட, இங்க ஒரு லைப்ரரி இருக்கே!” என்றாராம். மறுநாள் பதிவேட்டில் அவர் கையெழுத்தை மேடம் எனக்குத் திறந்து காட்டினார். லாட்டரிச் சீட்டைக் காட்டுவதுபோல் காட்டினார்.

வங்கிக்காரர் திருச்சிக்குப் போவதை முழுசாக நிறுத்திவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது உண்மையும் இல்லை. மாசம் ஒரு தடவை போகிறார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பேசும் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தாறு பிள்ளைகளுக்குத் தனிவட்டி, கூட்டுவட்டி சொல்லிக்கொடுக்கிறார். ஜெராக்ஸ் கடைப் பெண் கேட்கும் சந்தேகங்கள் பிராஞ்ச் மேனேஜர் கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறதாம்.

நேர மாற்ற மனு பற்றிப் போன வாரம் எஸ்.எம்.எஸ். வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. நம்பர் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை பெரியம்மாவும் வருகிறார். உத்தரவு வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன். அதுவரை நூலக நேரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். வெள்ளிக்கிழமை விடுமுறை.